‘சிஸ்டம் டவுன்’: வன்னி அலுவலகங்களில் சேர்வர் பேசாமல் போனால் எங்கே தேடுவது?

வன்னியிலுள்ள அலுவலகம் ஒன்றில் நடந்தது இது. காலை பத்தரை மணி இருக்கும். பாண்டியன்குளம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த அம்மா ஒருவர், பொலித்தீன் பைக்குள் சுற்றிய ஆவணக்கட்டை மடியில் வைத்தபடி வாங்கில் இருந்தார். மகனின் ஆவணத்தில் பெயர்த் திருத்தம் ஒன்று செய்யவேண்டும். முன்னால் இருந்த உத்தியோகத்தர் கணினித் திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“அம்மா, சிஸ்டம் டவுன். நாளைக்கு வாங்கோ.”

“நாளைக்கு வந்தால் வேலை செய்யுமோ பிள்ளை?”

“அது சொல்லேலாது அம்மா. கொழும்பிலதான் ஏதோ பிரச்சினை போல.”

கொழும்பில் அன்று எந்தப் பிரச்சினையும் இருக்கவில்லை. பக்கத்து அறையில் தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்க யாரோ கேத்திலைச் செருகியிருந்தார். அதற்காகக் கழற்றப்பட்ட பிளக், அலுவலகக் கணினிகள் எல்லாவற்றையும் சேர்வருடன் இணைக்கும் சுவிச் பெட்டியினுடையது. பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த அம்மா பன்னிரண்டு மணி பஸ்சிலேயே போய்விட்டார். என் வேலையும் முடியாததால் நான் அங்கேயே இருந்து இதைப் பார்த்தேன்.

வன்னியில் ஆவணம் என்பது வெறும் கடுதாசி இல்லை. 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் விட்டுவந்த பெட்டிகளோடு பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் திருமணப் பதிவுகளும் போய்விட்டன. அவற்றின் பிரதியை எடுப்பதற்கும், தான் இன்னார் என்று திரும்ப நிரூபிப்பதற்கும் எங்கள் ஆட்கள் ஏறியிறங்காத அலுவலகம் இல்லை. இப்போது அந்த வேலைகளில் பாதி கணினிக்குள் போய்விட்டது. அஸ்வெசும கொடுப்பனவு முதல் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கிக் கணக்கு வரை, ஒரு சேர்வர் பேசாவிட்டால் ஒருவரின் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

நான் பொறியியலாளர் அல்ல; படித்தது ஊடகக் கற்கை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இந்த வேலை செய்பவர்களின் பக்கத்தில் இருந்து பார்த்ததையும், மைக்ரோசொப்ட் போன்ற நிறுவனங்கள் வெளியிட்டிருக்கும் கையேடுகளில் வாசித்துச் சரிபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். அலுவலகத்தில் ‘கொஞ்சம் கணினி தெரிந்தவர்’ என்ற ஒரே தகுதியால் எல்லாப் பழியையும் சுமக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் முகாமைத்துவ உதவியாளருக்கும் இது உதவலாம். வாங்கில் காத்திருப்பவருக்கும் உதவும்.

எந்தச் சிஸ்டம்?

‘சிஸ்டம்’ என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வது மூன்று வேறு இடங்கள். ஒன்று, மேசையில் இருக்கும் கணினி. இரண்டாவது, அதே கட்டடத்தில் ஓர் அறையிலோ அலுமாரிக்குப் பின்னாலோ இருக்கும் அலுவலக சேர்வரும் அதற்குப் போகும் கேபிள்களும். மூன்றாவது, வெளியே போகும் இணைப்பும் கொழும்பில் இருக்கும் திணைக்களத்தின் சேர்வரும். அலுவலகத்துக்குள் கோப்புகளைப் பகிரும் வேலை இரண்டாவதோடு நின்றுவிடும். திணைக்களத்தின் தரவுத்தளத்தில் பெயரைத் தேடும் வேலைக்கு மூன்றும் வேண்டும்.

எனவே முதல் வேலை கீபோர்ட்டைத் தட்டுவது இல்லை. எழுந்துபோய்ப் பக்கத்து மேசையைப் பார்ப்பது. உங்களுக்கு மட்டும் உள்நுழைய முடியவில்லையென்றால் பிழை உங்கள் கணக்கிலோ கணினியிலோ இருக்கிறது. ஒரு கிளையில் இருக்கும் எல்லாருக்கும் இல்லையென்றால் அந்தக் கிளைக்குப் போகும் கேபிளையோ சுவிச்சையோ பார்க்கவேண்டும். கட்டடம் முழுவதும் இல்லையென்றால் சேர்வர் அல்லது மின்சாரம். எல்லாருக்கும் பகிர்வுக் கோப்புறை திறக்கிறது, திணைக்களத்தின் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால்தான் ‘கொழும்பில் பிரச்சினை’ என்று சொல்லலாம். அப்போதும் ரவுட்டரின் விளக்குகளையும் இன்னொரு இணையத்தளம் திறக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே சொல்லவேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மின்சாரமும் கேபிளும்

1990இலிருந்து போர் முடியும்வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்கட்டத்தின் மின்சாரம் வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். போருக்குப் பிறகு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ட் கம்பிவழி இழுக்கப்பட்டது. மின்சாரம் வந்தது; அது நின்று வருவதும் கூடவே வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு இலங்கையும் இருண்டது.

ஒரு சேர்வருக்கு மின்சாரம் நிற்பது எவ்வளவு கெடுதலோ, அது திரும்ப வரும் விதமும் அவ்வளவு கெடுதல். மின்சாரம் வந்தவுடன் சுவிச், ரவுட்டர், சேர்வர், கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. சேர்வர் எழும்பும்போது சுவிச் இன்னும் தயாராக இல்லையென்றால், தான் எந்த வலையமைப்பில் இருக்கிறேன் என்று வின்டோஸ் சேர்வரால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாமல் போவதுண்டு. அப்போது அது தன் இணைப்பைப் ‘பப்ளிக்’, அதாவது பஸ் நிலைய வைபை போன்ற அந்நிய இடம், என்று எண்ணித் தன் பாதுகாப்புச் சுவரை உயர்த்திக்கொள்ளும். சேர்வர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் யாராலும் உள்நுழைய முடியவில்லை என்ற புதிருக்கு இது ஒரு பழைய காரணம். சேர்வரின் நெட்வேர்க் அமைப்பைத் திறந்து ‘டொமைன்’ என்று காட்டுகிறதா, ‘பப்ளிக்’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பப்ளிக் என்றால், அந்த நெட்வேர்க் அடாப்டரை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் சேர்வரின் முன்னால் இருந்தே செய்யவேண்டும். தூரத்திலிருந்து செய்தால் நீங்களே உங்கள் இணைப்பை அறுத்துக்கொள்வீர்கள்.

இதற்கு நல்ல பழக்கம் ஒன்று: மின்சாரம் போனதும் எல்லாக் கணினிகளையும் சுவரிலேயே நிறுத்துங்கள். வந்ததும் முதலில் சுவிச்சையும் ரவுட்டரையும் போடுங்கள். அவற்றின் விளக்குகள் நிலைத்த பிறகு சேர்வர். அது முழுதாக எழும்பப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுக் கடைசியாகக் கணினிகள். யூபிஎஸ் வாங்கும்போது சேர்வரை மட்டும் அதில் செருகிவிட்டு, சுவிச்சைச் சாதாரண பிளக்கில் விடுவது நான் அதிகம் கண்ட பிழை. சேர்வர் உயிரோடு இருந்தும் அதற்குப் போகும் பாதை செத்திருக்கும். கேத்தில் கதையும் அப்படித்தான் நடந்தது. சுவிச்சின் பிளக்கில் சிவப்பு நாடா ஒட்டி ‘கழற்றவேண்டாம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவிடுவது எந்த மென்பொருளையும்விட மலிவு.

மாரிக்கு முந்திய இடிமின்னல் காலத்தில் இன்னொன்று. செம்புக் கம்பி வழியே வரும் தொலைபேசி இணைப்பில் மின்னல் இறங்கினால் ரவுட்டர் மட்டும் போகாது. ரவுட்டரிலிருந்து சுவிச்சுக்கும், சுவிச்சிலிருந்து கணினியின் கேபிள் துவாரத்துக்கும் அது பயணம் செய்யும். விளக்கு எரியாத ஒரு துவாரத்தைக் கண்டால் கேபிளைப் பக்கத்துத் துவாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு கட்டடங்களுக்கு இடையே முற்றத்தால் செம்புக் கேபிள் இழுத்திருந்தால் அது மின்னலுக்கு வைத்த அழைப்பிதழ். அந்த இடத்துக்கு ஃபைபர்தான் பொருத்தம். நூறு மீற்றருக்கு மேல் ஒரே கேபிளாக இழுத்தாலும் நம்ப முடியாது. கூரைக்குள் ஓடும் கேபிளை அணில் கடிப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இலக்கம் கிடைக்காத கணினி

கேபிள் சரி, விளக்கு எரிகிறது, ஆனாலும் சேர்வர் இல்லை என்கிறது. அப்போது கணினிக்கு வலையமைப்பில் ஓர் இலக்கம், அதாவது ஐபி முகவரி, கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நெட்வேர்க் விபரத்தைத் திறந்தால் அது தெரியும். 169.254 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டால் விடயம் விளங்கிவிட்டது: இலக்கம் கொடுக்கவேண்டிய சேர்வரையோ ரவுட்டரையோ அந்தக் கணினியால் அடைய முடியவில்லை, அதனால் அது தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. கேபிளுக்கும் சுவிச்சுக்கும் திரும்பிப் போங்கள்.

இலக்கம் கிடைத்திருக்கிறது, ஆனால் பக்கத்து மேசைக் கணினியின் இலக்கத்தோடு குடும்பம் ஒத்துவரவில்லை என்றால் சந்தேகப்படவேண்டியது ஒரு புதிய வைபை ரவுட்டரை. கைபேசிக்கு இணையம் வேண்டும் என்று யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து அலுவலகக் கேபிளில் செருகியிருப்பார். அந்தப் பெட்டியும் தன்பாட்டில் இலக்கம் விநியோகிக்கத் தொடங்கும். எந்தப் பெட்டி முந்துகிறதோ அதன் இலக்கம் கணினிக்கு. அதனால் சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது, நாளைக்கு ஆட்கள் மாறுவார்கள். காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் என்று பிரச்சினை இடம் மாறினால் முதலில் இதைத் தேடுங்கள். மேசைக்கடியில் தொங்கும் கேபிளைப் பார்த்து ‘ஒழுங்காக’ அதன் இரண்டு முனையையும் ஒரே சுவிச்சில் செருகிவிடும் நல்ல மனிதரும் உண்டு. சாதாரண சுவிச்சில் அது ஒரு வட்டத்தை உருவாக்கி, முழு அலுவலகத்தையும் முடக்கிவிடும். எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னுவதுதான் அதன் அடையாளம்.

பெயரைக் கேட்டு வழி சொல்பவர்

கணினிகள் ஒன்றையொன்று இலக்கத்தால் அறியும். நாங்கள் பெயரால் அழைக்கிறோம். பெயரை இலக்கமாக மாற்றித் தருவது டிஎன்எஸ். ஊருக்குப் புதிதாக வந்தவர் சந்திக் கடையில் நின்று ‘இன்னார் வீடு எது’ என்று கேட்பது போன்றது. கடைக்காரர் அந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

உங்கள் அலுவலக சேர்வரின் பெயர் அந்தச் சேர்வருக்கு மட்டுமே தெரியும். ஆனால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது கணினியின் டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8 இலக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். யூடியூப் நன்றாக ஓடும்; அலுவலக உள்நுழைவு மட்டும் நின்றுவிடும் அல்லது ‘வெல்கம்’ திரையில் ஐந்து பத்து நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும். கூகுளிடம் போய் எங்கள் சந்தி வீட்டைக் கேட்டால் அது எப்படிச் சொல்லும்? டொமைனில் இணைந்த கணினிகளில் டிஎன்எஸ் இடத்தில் அலுவலக சேர்வரின் இலக்கம் மட்டுமே இருக்கவேண்டும். இரண்டாவது வரியில்கூட வெளி இலக்கம் கூடாது. வெளியுலகப் பெயர்களைக் கூகுளிடமோ சேவை வழங்குநரிடமோ கேட்டுத் தருவதைச் சேர்வர் பார்த்துக்கொள்ளும்.

இதைச் சோதிக்க ‘பிங்’ கட்டளையைச் சேர்வரின் இலக்கத்துக்கு ஒருமுறை, பெயருக்கு ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். இலக்கத்துக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் பிழை டிஎன்எஸ்ஸில். பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்கக் காணாமல் போயின. தங்கள் வலையமைப்பில் தாங்களே செய்த ஒரு மாற்றத்தால், அவற்றின் பெயருக்கு வழி சொல்லும் டிஎன்எஸ் சேர்வர்களை வெளியுலகம் அடைய முடியாமல் போனது. சேர்வர்கள் எரிந்துபோகவில்லை, வழி சொல்ல ஆளில்லை.

வன்னி நேரமும் சேர்வர் நேரமும்

இந்தப் பிழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் மின்வெட்டுகளோடு நேரடியாகத் தொடர்புடையது. கண்டுபிடிக்கவும் அதிக நேரம் எடுப்பது.

கணினியின் மதர்போர்ட்டில் ஒரு ரூபாய்க் குற்றியளவு பற்றரி ஒன்று இருக்கிறது. சிஆர் 2032 என்று கடையில் கேட்டால் தருவார்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில வருடங்களில் அது சாகும். பிறகு மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கணினி பழைய ஏதோவொரு திகதிக்குத் திரும்பிவிடும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். வின்டோஸ் டொமைனில் உள்நுழைவைக் காவல் காப்பது கேர்பெரோஸ் என்ற முறை. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலக வாசலில் நிற்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. எங்கள் வைரவரின் வாகனத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அது கடவுச்சொல்லோடு நேரத்தையும் பார்க்கும். யாராவது பழைய அனுமதிச் சீட்டைத் திருடிவைத்துப் பிறகு காட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. கணினியின் நேரத்துக்கும் சேர்வரின் நேரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வழமையான அமைப்பில் அது சீட்டை ஏற்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவு மறுக்கப்படும். அல்லது உள்நுழைந்த பிறகு பகிர்வுக் கோப்புறைகள் திறக்காது.

இரு நேரங்களுக்கிடையில் அகப்படுவது வன்னி மக்களுக்குப் புதிதல்ல. 1996 மே மாதம் மின் நெருக்கடிக்காக இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு நேரம், புளியங்குளத்தில் அதைவிட அரை மணித்தியாலம் குறைந்த நேரம். ‘எந்த நேரம்?’ என்று கேட்டுத்தான் பஸ்ஸை விசாரித்தோம். 2006 ஏப்ரல் 15ஆம் திகதி நாடு மீண்டும் உலக நேரத்துக்கு 5.30 மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பியதோடு அந்த வித்தியாசம் முடிந்தது.

கணினிக்குள் அது உடனே முடியவில்லை. வின்டோஸ் எக்ஸ்பியின் பழைய இறுவட்டுகளில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற நேர வலயம் 6 மணி என்றே இருந்தது. அதைத் தெரிவுசெய்தவர்கள் கடிகாரம் அரை மணி பிழையாகக் காட்டுவதைக் கண்டு, கையால் முள்ளைத் திருப்பினார்கள். இப்போதும் வேறு வடிவில் இதே பிழை நடக்கிறது. கணினியைப் புதிதாக நிறுவுபவர் நேர வலயத்தை அமெரிக்காவிலேயே விட்டுவிடுகிறார். உத்தியோகத்தர் கடிகாரத்தைப் பார்த்து, மணியை மட்டும் சரிசெய்கிறார். திரையின் மூலையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கேர்பெரோஸ் பார்ப்பது திரையில் தெரியும் மணியை அல்ல, அதற்கு அடியில் இருக்கும் உலகப் பொது நேரத்தை. அங்கே பதின்மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டிய வித்தியாசம் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பிழை போகாது.

எனவே நேரத்தைச் சோதிக்கும்போது மணி, திகதி, வருடம், நேர வலயம் நான்கையும் பாருங்கள். வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர 5.30 என்று இருக்கட்டும், சென்னை 5.30 என்று இருந்தாலும் பாதகமில்லை. முதலில் வலயம், பிறகு மணி என்ற வரிசை முக்கியம். டொமைனில் உள்ள கணினிகள் தங்கள் நேரத்தைச் சேர்வரிடம் கேட்டுக்கொள்ளும். ஆகவே சேர்வரின் நேரம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். சேர்வர் இணையத்திலுள்ள நேர சேவையிடம் கேட்கும்படி அமைக்கவேண்டும். அதன் பற்றரி இறந்திருந்தால் மாற்றவேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பற்றரிகளையும் மாற்றிவிடும் அலுவலகத்துக்கு இந்தத் தலையிடி இல்லை.

கடவுச்சொல் பிழை என்று சொல்லும்போது

‘பெயர் அல்லது கடவுச்சொல் பிழை’ என்று ஆங்கிலத்தில் வந்தால் பெரும்பாலும் அது உண்மைதான், கடவுச்சொல் பிழையாகத்தான் போயிருக்கிறது. ஆனால் நினைவு தவறியதால் அல்லாமல் இருக்கலாம். எங்கள் அலுவலகங்களில் ஒரே கணினியில் ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றுக்கும் கீபோர்ட் அமைப்பு இருக்கும். முந்தியவர் ரெங்கநாதன் விசைப்பலகையிலோ சிங்கள விஜேசேகரவிலோ தட்டச்சு செய்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் அடிக்கும் ஆங்கிலக் கடவுச்சொல் புள்ளிகளுக்குப் பின்னால் தமிழாகவோ சிங்களமாகவோ விழுந்துகொண்டிருக்கும். உள்நுழைவுத் திரையின் கீழ் மூலையில் மொழிக் குறி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அடியுங்கள். பாமினி எழுத்துருவோடு பழகியவர்களுக்கு இது விளங்காத பிரச்சினை. அதில் கீபோர்ட் ஆங்கிலத்திலேயே இருக்கும், எழுத்துரு மட்டுமே மாறும். யுனிகோட்டுக்கு மாறிய அலுவலகத்தில் இந்தச் சிக்கலும் வந்து சேரும்.

கணக்கு ‘பூட்டப்பட்டுள்ளது’ என்று வந்தால் பல தடவை பிழையாக அடித்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் அடிக்கவில்லையென்றால் யார் அடித்தது? கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பழையதைச் சேமித்துவைத்திருக்கும் உங்கள் கைபேசி, அல்லது நீங்கள் போன மாதம் உள்நுழைந்துவிட்டு வெளியேறாமல் விட்ட இன்னொரு மேசைக் கணினி. திறந்துவிட்டால் அரை மணியில் மறுபடி பூட்டும். சேர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற இலக்கமிட்ட பதிவைத் தேடினால் எந்தக் கணினியிலிருந்து அது நடந்தது என்று பெயர் எழுதியிருக்கும். பில்லி சூனியம் என்று சொல்லத் தேவையில்லை.

‘ட்ரஸ்ட் றிலேஷன்ஷிப்’ முறிந்துவிட்டது என்று வருவது இன்னொரு வகை. மனிதருக்கு மட்டுமன்றிக் கணினிக்கும் சேர்வரிடம் ஒரு கடவுச்சொல் உண்டு. வழமையாக 30 நாளுக்கு ஒருமுறை கணினி தானே அதை மாற்றிக்கொள்ளும். பழுதுபார்த்தவர் கணினியை மூன்று மாதத்துக்கு முந்திய பிரதியிலிருந்து மீட்டிருந்தால் கணினியிடம் பழையதும் சேர்வரிடம் புதியதும் இருக்கும். கணினியை டொமைனிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்கவேண்டும். நீக்குவதற்கு முன் அந்தக் கணினியின் உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் நீங்களே வெளியில் நிற்பீர்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு உள்நுழையப் பாருங்கள். முன்னர் அந்தக் கணினியில் உள்நுழைந்தவர்களின் விபரத்தை வின்டோஸ் சேமித்துவைத்திருக்கும். வழமையாகக் கடைசிப் பத்துப் பேர். உள்ளே விட்டால், பிழை உங்கள் கடவுச்சொல்லில் இல்லை, சேர்வருக்கும் கணினிக்கும் இடையில் இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். உள்ளே போனதும் மேசைத்திரை வெறுமையாக இருந்து, ‘தற்காலிக புரொபைல்’ என்று அறிவித்தால் அங்கே எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறும்போது அழிந்துவிடும். உங்கள் பழைய கோப்புகள் பெரும்பாலும் வன்தட்டில் பத்திரமாகவே இருக்கும்.

ஒரே பெயரில் எட்டுப் பேர்

உள்நுழைவுப் பிரச்சினைகள் தலையிடி தந்ததும் அலுவலகங்கள் கண்டுபிடிக்கும் தீர்வு, எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அது மொனிட்டரின் ஓரத்தில் மஞ்சள் கடுதாசியில் ஒட்டியிருக்கும். வருடாந்த இடமாற்றத்தில் போனவரின் கணக்கையே வந்தவரும் பாவிப்பார். வேலை ஓடும். ஆனால் ஒரு பயனாளியின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால் நீக்கியது யார் என்று சேர்வரால் சொல்லமுடியாது. எட்டுப் பேருக்கும் ஒரே பெயர்.

வன்னியில் பட்டியல் என்ற சொல்லுக்கு ஒரு பாரம் உண்டு. முகாம்களில் பெயர் வாசிக்கப்பட்டவர்கள், பேருந்தில் ஏற்றப்பட்டவர்கள், திரும்பாதவர்கள் என்று எங்களிடம் பட்டியல்கள் நிறைய. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், அவயவம் இழந்தோர் பற்றிய விபரங்கள் இன்றைக்கும் அலுவலகக் கணினிகளில் இருக்கின்றன. அவற்றை யார் திறந்தார், யார் பிரதி எடுத்தார் என்பது தெரியவேண்டிய விடயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தரவை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு இருக்கிறது என்கிறது. அதன் முதற்படி ஆளுக்கொரு கணக்கு. இடமாற்றக் கடிதம் கிடைத்த அன்றே போனவரின் கணக்கை முடக்குவதற்குப் பணம் தேவையில்லை.

பிரதி எங்கே?

2023 ஆகஸ்ட் கடைசியில் லங்கா கவர்ன்மன்ட் கிளவுட் எனப்படும் அரச மேகக்கணிமைச் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. சேவையை விரைவாக மீட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு வெளியில் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் போனது போனதுதான். பாவனையில் இருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான மைக்ரோசொப்டின் ஆதரவு அதே ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.

கொழும்பின் மத்திய சேவைக்கே இது நடந்தால், அலுமாரிக்குப் பின்னால் தூசிபடிந்து கிடக்கும் எங்கள் சேர்வரைப் பற்றி யோசிக்கவேண்டும். வின்டோஸ் சேர்வர் 2012க்கான ஆதரவு 2023 ஒக்டோபர் 10உடன் முடிந்தது. வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. பிரதி எடுப்பதென்றால் அதே சேர்வரில் இன்னொரு கோப்புறைக்கு இழுத்துப்போடுவதல்ல. வெளி வன்தட்டு ஒன்றில் எடுத்து, கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டிவைக்கவேண்டும். செருகியபடியே விட்டால் கப்ப மென்பொருள் அதையும் சேர்த்துப் பூட்டும். மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் இல்லாததுதான்.

வாங்கில் இருப்பவருக்கு

‘சிஸ்டம் டவுன்’ என்று சொன்னால் மரியாதையாக இரண்டு கேள்வி கேட்கலாம். “இந்தக் கணினியில மட்டுமோ, எல்லாத்திலயுமோ?” “எப்ப தொடங்கினது, ஆருக்கு அறிவிச்சிருக்கிறியள்?” சண்டைக்காக அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உத்தியோகத்தர் எழுந்துபோய்ப் பார்த்தாலே பல வேளைகளில் காரணம் அகப்படும். விண்ணப்பத்தைக் கையால் பெற்றுக்கொண்டு, திகதி போட்ட பற்றுச்சீட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, சரியானதும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது பஸ் செலவு மிஞ்சும்.

அடிக்கடி இப்படி நடக்கும் அலுவலகமென்றால் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் சேவை தடைப்பட்டது, என்ன காரணம் பதியப்பட்டிருக்கிறது, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும்.

பதியப்பட்ட காரணம் ஏதும் இல்லை என்று பதில் வந்தால், அலுவலகத்துக்குத் தேவையானது ஒரு சி.ஆர். கொப்பி. திகதி, நேரம், யாருக்கெல்லாம் வேலை செய்யவில்லை, எந்த விளக்கு எரியவில்லை, என்ன செய்து சரிவந்தது என்று ஒவ்வொரு முறையும் நான்கு வரி. கேத்தில் செருகிய அலுவலகத்துக்குப் பிறகு ஒருமுறை போனேன். சேர்வர் மேசையில் ஒரு கொப்பி நூலில் கட்டித் தொங்கியது. முதற்பக்கத்தில் ஒரே வரி: “சுவிச் பிளக் கழற்றப்பட்டது. 3½ மணித்தியாலம். 27 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர்.”